திராட்சையில் புது ரகம் உருவாக்குவது: கலப்பிலிருந்து ஒட்டுக்கொடி வரை

அப்பாவின் வேலைச் சட்டைகள் எல்லாமே நீலமாக இருக்கும். வாங்கும்போது வெள்ளைதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை முதுகில் சுமந்து தெளித்துத் தெளித்து அந்த நிறம் ஏறிவிட்டது. மழை விட்டதும் ஒரு தெளிப்பு, இடையிடையே கந்தகத் தூள். கந்தகம் அடித்த இரவுகளில் அவர் கண்கள் சிவந்து, தூங்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். நான் இருபத்திரண்டு வருடமாகத் திராட்சைக் கொடிகளைக் கலப்பு செய்து, விதை முளைக்கவைத்து, முளைத்தவற்றில் பெரும்பாலானதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருப்பதற்கு அந்தச் சட்டைதான் காரணம். பழமும் நன்றாக இருக்க வேண்டும், தெளிப்பும் குறைய வேண்டும். இரண்டும் ஒரே கொடியில் வர வேண்டும். அதற்கான வழியை நான் செய்கிற முறையிலேயே சொல்கிறேன்.

தோட்டத்தில் நாம் வளர்க்கும் திராட்சை எல்லாம் குச்சியிலிருந்து வந்தது. நல்ல கொடியை வெட்டி நட்டால் அதே கொடி வரும். விதை போட்டால் வராது. பழத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு விதையும் தாய் தந்தையின் குணங்களை வேறு வேறு விதமாகக் கலைத்துப் போட்டுக்கொண்டு பிறக்கிறது. ஒரே குலையிலிருந்து ஐம்பது விதை எடுத்தால் ஐம்பதும் ஐம்பது ரகம். விவசாயிக்கு இது இடைஞ்சல். நமக்கு இதுதான் மூலதனம். காபர்னே சாவின்யோன் என்ற உலகப் புகழ் பெற்ற ரகம்கூட, காபர்னே பிராங்க் கொடியும் சாவின்யோன் பிளாங் கொடியும் என்றோ தானாகக் கலந்து விழுந்த ஒரு விதையின் பிள்ளைதான். 1997இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ சோதனை செய்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். தற்செயலாக நடந்ததை நாம் திட்டமிட்டுச் செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

நோய் விஷயத்தில் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டால் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். வைட்டிஸ் வினிஃபெரா என்கிற இனம்தான் உலகில் பெரும்பாலும் பயிராகிறது. அது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்ந்த இனம். இலையையும் காயையும் தாக்கும் பூஞ்சை நோய்களான சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும், வேர்ப்பூச்சியான ஃபில்லாக்சராவும் வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. சாம்பல் நோய் 1845இல் இங்கிலாந்தில் தெரிந்தது. ஃபில்லாக்சரா 1860களில் பிரான்சின் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. அடிச்சாம்பல் 1878இல் வந்தது. வினிஃபெரா இவற்றை முன்பின் பார்த்ததில்லை, எதிர்க்கத் தெரியாமல் விழுந்தது. ஆனால் அமெரிக்கக் காட்டுக் கொடிகள் அந்த நோய்களோடு காலம் காலமாகப் போராடிப் பழகியவை. கிழக்கு ஆசியாவின் வைட்டிஸ் அமுரென்சிஸ் போன்ற கொடிகளிலும் எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆக, சுவை வினிஃபெராவில் இருக்கிறது, எதிர்ப்பு பெரும்பாலும் காட்டில் இருக்கிறது.

முதலில் எழுத வேண்டியது

இடுக்கியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்காக, எதற்காக, எந்தக் குறையை நீக்க. "நல்ல ரகம்" என்று எழுதினால் அது குறிக்கோள் ஆகாது. "விதையில்லாத, வெள்ளை, குலை நெருக்கமில்லாத, அடிச்சாம்பலுக்கும் சாம்பலுக்கும் தாங்குகிற, குட்டையாகக் கவாத்து செய்தாலும் காய்க்கிற சாப்பாட்டுத் திராட்சை" என்று எழுதினால் அதை வைத்து நாற்றைத் தேர்வு செய்ய முடியும்.

அந்தக் கடைசிக் குணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில ரகங்களில் கிளையின் அடிப்பக்கத்து மொட்டுகள் காய்க்காது, நீளமான குச்சி விட்டுக் கவாத்து செய்தால்தான் பூ வரும். அதற்கு ஆள் வேலை அதிகம். அடி மொட்டிலேயே காய்க்கிற கொடி கிடைத்தால் ஒவ்வொரு வருடமும் கூலியும் நேரமும் மிச்சமாகும். அதேபோல் குலை நெருக்கம். காய்கள் ஒன்றையொன்று நெருக்கித் தோல் கிழிந்தால் அங்கேதான் அழுகல் நுழைகிறது. இயற்கையாகவே தளர்ந்த குலை உள்ள கொடியில் அழுகலுக்கு மருந்து அடிக்கும் தேவை பாதியிலேயே நின்றுவிடும். நிலைத்த விளைச்சல் என்றால் நோய் எதிர்ப்பு மரபணு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். கொடியின் உருவமும் ஒரு மருந்துதான்.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

இப்போது அடிச்சாம்பலுக்கும் சாம்பலுக்கும் எதிரான மரபணு இடங்கள் பலவும் கண்டறியப்பட்டுப் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றன. அடிச்சாம்பலுக்கு ஆர்பிவி என்றும், சாம்பலுக்கு ரன், ரென் என்றும் தொடங்கும் பெயர்கள். ஆர்பிவி1, ரன்1 இரண்டும் மஸ்கடைன் என்கிற வட அமெரிக்கத் திராட்சை இனத்திலிருந்து வந்தவை, 12ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆர்பிவி3 மற்ற அமெரிக்கக் கொடிகளிலிருந்து, ஆர்பிவி10, ஆர்பிவி12 இரண்டும் அமுரென்சிஸிலிருந்து. ரென்1 மட்டும் வியப்பான ஒன்று. கிஷ்மிஷ் வத்கனா என்கிற மத்திய ஆசிய வினிஃபெரா ரகத்திலேயே அது இருந்தது.

ரன்1 நம் கைக்கு வந்த கதையைக் கேட்டால் பொறுமை வரும். மஸ்கடைனுக்கு 40 குரோமோசோம், வினிஃபெராவுக்கு 38. எண்ணிக்கை பொருந்தாததால் பிள்ளைகள் பெரும்பாலும் மலடாகப் போகும். பிரான்சில் அலென் புக்கே என்கிற ஆய்வாளர் 1970களிலிருந்து அந்த எதிர்ப்பைத் தலைமுறை தலைமுறையாக வினிஃபெராவோடு திரும்பத் திரும்பக் கலந்து கொண்டுவந்தார். அந்தப் பரம்பரையில் வந்தவைதான் பிரான்சில் 2018இல் பதிவான ஆர்தபான், விடோக், ஃப்ளோரியால், வோல்டிஸ் ஆகிய நான்கு ரகங்கள். சாம்பலுக்கும் அடிச்சாம்பலுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணு அவற்றில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் ஒன்றுக்கு மேல்? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டால் வாழ்நாள் வேலை வீணாகும் இடம் இது. ஒரே ஒரு மரபணுவை நம்பிய கொடி ஒரே பூட்டு போட்ட வீடு மாதிரி. நோய்ப் பூஞ்சை கோடிக்கணக்கில் வித்து விடுகிறது, அதில் ஏதோ ஒன்று அந்தப் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். பியாங்கா என்கிற ஹங்கேரி ரகத்தில் ஆர்பிவி3 இருந்தது. அதை மீறக்கூடிய அடிச்சாம்பல் பூஞ்சை ஐரோப்பாவில் கண்டறியப்பட்டு 2010இல் வெளியிடப்பட்டது. மரபணு கெட்டுப்போகவில்லை, பூஞ்சை மாறிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் இரண்டாவது, முடிந்தால் மூன்றாவது எதிர்ப்பையும் ஒரே கொடியில் அடுக்குங்கள். தனியாக ஒரு மரபணு மட்டும் உள்ள கொடியைத் தோட்டத்துக்குக் கொடுத்தால், அடுத்து வரும் எல்லாருடைய பூட்டையும் நாமே உடைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் அப்படிப்பட்ட கொடியை, பழம் எவ்வளவு இனித்தாலும், வெளியே விடுவதில்லை.

காட்டுக் கொடியை நேரடியாக எடுத்துத் தொடங்காதீர்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பட்டாணி அளவு காய், கறுப்புச் சாறு, பல் கூசும் புளிப்பு என்று வரும். லாப்ருஸ்கா என்கிற அமெரிக்க இனம் கலந்திருந்தால் மெத்தில் ஆந்த்ரானிலேட் என்கிற பொருளால் ஒரு தனி வாசனை வீசும். சிலருக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. காட்டுக் கொடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கொடியைத் தந்தையாக வைத்தால் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும், அவை பூக்குமே தவிரக் காய்க்காது. ஏற்கெனவே பல தலைமுறை வினிஃபெராவோடு கலந்து, பழம் ஓரளவு தேறி, எதிர்ப்பும் உள்ள கொடிகள் இன்று கிடைக்கின்றன. அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

திரும்பக் கலக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வினிஃபெரா ரகத்தைப் பயன்படுத்துங்கள். ஒரே ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்தால், அதன் மறைந்திருக்கும் குறைகள் இரட்டையாகி நாற்றுகள் நோஞ்சானாக வரும். தன் மகரந்தத்தால் தானே காய்த்த விதைகளை முளைக்கவைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோர்ந்த செடிகளைத் தெரியும்.

எத்தனை விதை வேண்டும்? கணக்கு போட்டுப் பாருங்கள். தாயிடம் இரண்டு எதிர்ப்பு, தந்தையிடம் வேறு இரண்டு, ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதியாக இருக்கிறது என்றால், நான்கும் ஒரே பிள்ளையில் சேர வாய்ப்பு 16இல் 1. நானூறு நாற்று வளர்த்தால் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்திலிருந்துதான் சுவை, குலை, விளைச்சல் எல்லாவற்றையும் தேட வேண்டும். நிறமும் இந்தக் கணக்குக்குள் வரும். வெள்ளை ஒடுங்கிய குணம், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்தால் எல்லாம் வெள்ளை. வெள்ளைக் குணத்தைச் சுமக்கும் கறுப்புக் கொடிக்கும் வெள்ளைக்கும் பிறந்தால் பாதிக்குப் பாதி. வெள்ளை மட்டுமே வேண்டும் என்றால் அந்த இருபத்தைந்து பன்னிரண்டாகிவிடும்.

கலப்பு செய்வது

பயிரிடும் ரகங்களின் பூ இருபால் பூ. தொப்பி போல மூடியிருக்கும் பச்சை இதழ் அடியிலிருந்து பிரிந்து கழன்று விழும், உள்ளே பொதுவாக ஐந்து மகரந்தத் தண்டுகளும் நடுவில் குடுவை மாதிரி சூலகமும் இருக்கும். தொப்பி விழுவதற்குள் நாம் மகரந்தப்பைகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூ தன் மகரந்தத்தால் தானே காய்த்துவிடும்.

மகரந்தத்தை முதலில் தயார் செய்யுங்கள். தந்தைக் கொடியில் பூ விரியத் தொடங்கியதும் பூங்கொத்தை வெட்டி, வழுவழுப்பான வெள்ளைத் தாளில் பரப்பி, காற்று வீசாத உலர்ந்த அறையில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிறகு மெல்லிய சல்லடையில் தட்டினால் மஞ்சள் தூள் இறங்கும். சின்னக் குப்பியில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். சில வாரம் தாங்கும். உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும், தந்தை தாமதமாகப் பூத்து தாய் முந்திப் பூக்கும்போது இதுதான் கைகொடுக்கும். பழைய மகரந்தத்தை நம்புவதற்கு முன், 15 முதல் 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் துளி போரிக் அமிலம் சேர்த்து, அதில் தூவி, இரவு முழுவதும் கதகதப்பாக வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். உயிருள்ள மணிகள் நூல் போலக் குழாய் நீட்டியிருக்கும். அந்த நூலைப் பார்க்காமல் நான் உறைந்த மகரந்தத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனதில்லை.

தாய்க் கொடியில் ஒன்றிரண்டு பூ மட்டும் விரிந்த கொத்தாகப் பாருங்கள். விரிந்தவற்றைக் கிள்ளி எறியுங்கள். கொத்தின் நுனியையும் பக்கக் கிளைகளையும் குறைத்து நூறு பூ அளவுக்கு விடுங்கள், ஆசைப்பட்டு அதிகம் விட்டால் கடைசிப் பூக்களுக்கு வரும்போது கண்ணும் கையும் தளர்ந்து தவறு நுழையும். கூர்மையான இடுக்கியால் தொப்பியின் அடிப்பகுதியைப் பிடித்து, லேசாகச் சாய்த்துத் தூக்கினால் தொப்பியும் மகரந்தப்பைகளும் ஒன்றாக வந்துவிடும். நடுவில் பச்சைக் குடுவை மட்டும் நிற்கும். குடுவையில் கீறல் பட்டால் அந்தப் பூ போய்விட்டது, எடுத்துவிடுங்கள். ஒரு கொத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தலையில் மாட்டும் உருப்பெருக்கியும், உட்கார ஒரு முக்காலியும், காலை வேளையும் வேண்டும். முடித்ததும் தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, காகிதப் பையால் மூடி, அடியைப் பஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் பையைத் திறந்தால் சூல்முடியின் நுனியில் பனித்துளி மாதிரி ஒரு சொட்டு மின்னும். அதுதான் அழைப்பு. மென்மையான தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுத் தடவி, உடனே மூடுங்கள். அடுத்த இரண்டு நாளும் இதையே செய்யுங்கள். வேறு தந்தையின் மகரந்தத்துக்குப் போகும் முன் தூரிகையையும் இடுக்கியையும் கையையும் சாராயத்தில் துடைப்பது கட்டாயம். காய் பிடித்ததும் காகிதப் பையை எடுத்துவிட்டு வலைப் பை போடலாம்.

சீட்டு. ஒரு முழுக் கலப்பையே நான் இழந்தது சீட்டால்தான். வெயிலில் மை வெளுத்து, தந்தையின் பெயர் அழிந்து, நினைவை நம்பி எழுதினேன். மூன்று வருடம் வளர்த்த பிறகு டிஎன்ஏ சோதனையில் அந்த நாற்றுகளின் தந்தை வேறு என்று தெரிந்தது. இது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. ஹெர்மன் மியூலர் 1882இல் உருவாக்கிய மியூலர்-துர்காவ் ரகம் ரீஸ்லிங்குக்கும் சில்வானருக்கும் பிறந்தது என்று நூறு வருடத்துக்கு மேல் நம்பினார்கள். டிஎன்ஏ பார்த்தபோது தந்தை சில்வானர் அல்ல, மடலேன் ராயல் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நான் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுகிறேன்: தாய், தந்தை, தேதி, கொத்து எண். அதே விவரம் நோட்டிலும், நோட்டின் நகல் வேறு கட்டடத்திலும்.

விதையிலிருந்து நாற்று

பழம் நன்றாகப் பழுத்த பிறகு பறியுங்கள். ஒரு பழத்தில் அதிகபட்சம் நான்கு விதை இருக்க முடியும், சாதாரணமாக ஒன்றோ இரண்டோ தான். கழுவித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மூழ்குவதை எடுங்கள். திராட்சை விதைக்கு ஒரு குளிர்காலத் தூக்கம் தேவை. ஈர மணலிலோ வெர்மிகுலைட்டிலோ கலந்து, 4 அல்லது 5 டிகிரி குளிரில் மூன்று மாதம் வையுங்கள். மணல் பிழிந்தால் சொட்டக் கூடாது, காயவும் கூடாது. எடுத்த பின் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் முளைப்பு கூடும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் விதையுங்கள். ஒரே நாளில் முளைக்காது. இரண்டாம் வாரம் சில, ஆறாம் வாரம் சில என்று வரும். தட்டைக் காலி செய்ய அவசரப்படாதீர்கள், தாமதமாக முளைத்தவற்றில்தான் என்னுடைய இப்போதைய நல்ல கொடிகளில் ஒன்று இருந்தது.

விதையில்லா ரகத்தைத் தாயாக வைக்க விரும்பினால் இந்த வழி போதாது. தாம்சன் சீட்லெஸ் போன்றவற்றில் கரு உருவாகிறது, ஆனால் பாதியில் வளர்ச்சி நின்று மெல்லிய தடமாகக் கரைகிறது. கரு சாவதற்குள், மகரந்தம் சேர்த்த ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், பச்சைக் காயைப் பறித்துச் சூலை எடுத்து ஆய்வகக் குடுவையில் ஊட்டக்கூழில் வளர்த்துக் காப்பாற்ற வேண்டும். கருமீட்பு என்கிற அந்த வசதி இல்லாதவர்கள் விதையுள்ள கொடியைத் தாயாகவும் விதையில்லாததைத் தந்தையாகவும் வைக்கலாம். விதையில்லாப் பிள்ளைகள் குறைவாகவே வரும், ஆனால் வரும். இதற்கான முக்கிய மரபணு 18ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அதைச் சோதித்து நாற்றிலேயே பிரித்துவிடலாம்.

பிடுங்குவது

நாற்று நான்கைந்து இலை விட்டதும் முதல் தேர்வு. டிஎன்ஏ சோதனைக்கு வசதி இருந்தால் இலை நுனியில் ஒரு துணுக்கு வெட்டி அனுப்புங்கள். எந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறது, பூ ஆணா இருபாலா, விதை இருக்குமா என்பதெல்லாம் பழம் பார்க்கக் காத்திருக்காமல் தெரிந்துவிடும். வசதி இல்லாவிட்டாலும் வழி உண்டு. அடிச்சாம்பல் பிடித்த இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் பூஞ்சையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி எடுத்து, மாலையில் நாற்றுகளின் இலைக்கு அடியில் தெளித்து, ஒரு இரவு ஈரமாக மூடி வையுங்கள். 20 டிகிரிக்குச் சற்று மேல் போதும். ஐந்து முதல் ஏழு நாளில், மறுபடி ஓர் இரவு ஈரத்தில் மூடினால் விடை தெரியும்.

இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு அடர்ந்திருந்தால் அந்த நாற்று போகலாம். நீங்கள் தேடுவது ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை நுழைந்த இடத்தில் இலை தன் சில உயிரணுக்களைத் தானே சாகவிட்டு, மேலே பரவ வழியில்லாமல் அடைத்துவிடுகிறது. பார்ப்பதற்கு நோய் போலத் தெரியும், அனுபவம் இல்லாதவர்கள் புள்ளி விழுந்த நாற்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பஞ்சு இல்லாமல் புள்ளி மட்டும் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவது சர்வதேச வழக்கம், 9 என்றால் மிகச் சிறந்த எதிர்ப்பு. சாம்பல் நோய்க்குத் தனியாக ஈரம் தேவையில்லை. நோய் பிடித்த கொடியை நாற்றுகளின் நடுவில் தொட்டியில் வைத்து, கந்தகம் அடிக்காமல் விட்டாலே போதும்.

இந்தக் கட்டத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய செடியை வேரோடு எடுப்பது எனக்கு இன்றும் கஷ்டம்தான். ஆனால் இடமும் கம்பியும் ஆளும் அளவானவை. எதிர்ப்பு இல்லாத நாற்றை "பழம் எப்படி வருகிறது பார்ப்போம்" என்று வைத்தால், அது மூன்று வருடம் மற்றொன்றின் இடத்தைத் தின்னும்.

பழத்தை அளப்பது

விதைச் செடி காய்க்க இரண்டிலிருந்து நான்கு வருடம் ஆகும். ஒற்றைத் தண்டாக ஓடவிட்டு, நல்ல வெளிச்சமும் உரமும் கொடுத்தால் சீக்கிரம் வரும். முதல் பழத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், நல்லதோ கெட்டதோ. மூன்று பருவம் பாருங்கள்.

வாரம் இரண்டு முறை குலையின் மேல், நடு, நுனி மூன்று இடத்திலிருந்தும் பழம் எடுத்துச் சாற்றை அளங்கள். ரெஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), பிறகு அமில அளவு, பிஎச். சர்க்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெப்பம் கூடிய வருடத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், அமிலம் சரிந்துவிடும், நிறமோ ஏறாது, ஏனென்றால் தோலில் நிறப்பொருள் உருவாவதைக் கடும் வெப்பம் தடுக்கிறது. அதனால் வெயில் கடுமையான வருடத்தின் குறிப்புகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். அந்த வருடத்திலும் அமிலம் நின்று, நிறம் சீராக வந்த கொடிதான் வரப்போகும் காலத்துக்கு வேண்டியது.

கருவிக்குப் பிடிபடாதவற்றை வாயாலும் கையாலும் பாருங்கள். தோல் வாயில் தங்குகிறதா, சதையோடு போகிறதா. கடித்தால் நொறுங்குகிறதா, குழைகிறதா. குலையைத் தூக்கி உதறினால் எத்தனை பழம் உதிர்கிறது. மழைக்குப் பின் எத்தனை வெடித்தன. பறித்து இரண்டு வாரம் குளிரில் வைத்தபின் காம்பு பச்சையாக இருக்கிறதா. சுவை பார்க்க உங்களைத் தவிர நான்கு பேராவது வேண்டும், கொடியின் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது. நாம் வளர்த்த பிள்ளை நமக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும்.

தேர்வுத் தோட்டத்தில் மருந்தை முழுவதும் நிறுத்திப் பார்க்க ஒரு வரிசை வையுங்கள். அப்போதுதான் ஒளிந்திருந்த நோய்கள் வெளியே வரும். அடிச்சாம்பலுக்கு அடிக்கும் மருந்து, நமக்குத் தெரியாமலே பறவைக்கண் நோயையும் கறுப்பழுகலையும் அடக்கி வைத்திருக்கும். தெளிப்பை நிறுத்தியதும் அவை தலைதூக்கும். என் கைக்கு வந்த அருமையான ஒரு வெள்ளைக் கொடி அடிச்சாம்பலுக்கு 9 வாங்கியது, பறவைக்கண் நோயில் இளங்கிளைகள் எல்லாம் கருகிப் போயின. அதை ரகமாக விடவில்லை, தாயாக வைத்திருக்கிறேன்.

எதிர்ப்புள்ள ரகத்துக்கும் பூக்கும் சமயத்தை ஒட்டி இரண்டு மூன்று தெளிப்பு கொடுக்கச் சொல்லித்தான் நான் விவசாயிகளிடம் கொடுப்பேன். பூஞ்சை பெருகும் அளவு குறைந்தால் எதிர்ப்பை மீறும் பூஞ்சை உருவாகும் வாய்ப்பும் குறைகிறது. பத்துப் பதினைந்திலிருந்து மூன்றுக்கு வருவது சின்ன விஷயமில்லை. போர்டோ கலவையில் இருக்கும் தாமிரம் மண்ணில் மட்காது, சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று எல்லை கட்டியிருப்பது அதனால்தான்.

வேர்ச்செடியும் கடைசிச் சோதனையும்

மேலே உள்ள கொடிக்கு எவ்வளவு உழைத்தாலும் வேர் வினிஃபெராவாக இருந்தால் ஃபில்லாக்சரா உள்ள மண்ணில் நிற்காது. அந்தப் பூச்சியைத் தாங்கும் வேறொரு கொடியின் வேரில், அதாவது வேர்ச்செடியில், ஒட்டுவதுதான் வழி. ரிபாரியா, ருபெஸ்ட்ரிஸ், பெர்லாண்டியேரி என்ற மூன்று அமெரிக்க இனங்களின் கலப்பிலிருந்துதான் பெரும்பாலான வேர்ச்செடிகள் வந்தன. வறட்சிக்கு 110 ரிக்டர், 140 ருகேரி போன்ற பெர்லாண்டியேரி, ருபெஸ்ட்ரிஸ் கலப்புகள் பேர் பெற்றவை. வேர்ச்செடியில் வினிஃபெரா ரத்தம் கலந்தால் எச்சரிக்கை வேண்டும். ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியின் பெற்றோரில் ஒன்று வினிஃபெரா. கலிபோர்னியாவில் அதை நம்பிப் பரவலாக நட்டார்கள். 1980களில் ஃபில்லாக்சரா அதை வென்று, ஏராளமான தோட்டங்களைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று.

ஆகவே தேறிய ஒவ்வொரு கொடியையும் குறைந்தது இரண்டு வேர்ச்செடிகளில் ஒட்டி, ஐந்து முதல் பத்துக் கொடிகளாக நட்டு, விளைச்சலை எடை போடுங்கள். அதில் மிஞ்சியதை மண்ணும் மழையும் வேறுபட்ட மூன்று இடங்களுக்காவது அனுப்புங்கள். பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய ரகத்தையும் நட்டால்தான் ஒப்பிட முடியும். இந்தப் படிகளைக் கூட்டினால் பதினைந்து, இருபது வருடம் ஆகிவிடும். ஜெர்மனியின் கைல்வைலர்ஹோஃப் நிலையத்தில் ரீகெண்ட் ரகத்துக்கான கலப்பு 1967இல் நடந்தது, அது விவசாயிகள் பரவலாக நடும் ரகமாக வந்தது 1990களில். மரபணுச் சோதனை முன்பகுதியைச் சுருக்கும். கொடி நிலத்தில் நின்று பல பருவம் காய்க்கும் காலத்தை எதுவும் சுருக்காது.

அனுப்பும் குச்சிகளை, இலை உதிர்ந்த ஓய்வுக் காலத்தில், பென்சில் கனத்தில், முற்றிய பழுப்புத் தண்டாக வெட்டுங்கள். அதற்கு முன் தாய்க் கொடிக்கு இலைச்சுருள், விசிறியிலை ஆகிய வைரஸ் சோதனைகளை முடித்துவிடுங்கள், ஒரு குச்சியோடு போகும் வைரஸ் அந்த ரகத்தின் பெயரையே கெடுத்துவிடும். அடிப்பக்கத்தை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நடக்காது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, 2 முதல் 4 டிகிரி குளிரில் வையுங்கள். கட்டின் உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு. எந்தக் கொடியை அனுப்பினாலும் அதன் குச்சிகளில் ஒரு கட்டை நம்பிக்கையான இன்னொருவர் தோட்டத்தில் ஊன்றிவிட்டு, எந்த வரிசை, எத்தனையாவது கொடி என்று அவர் நோட்டிலும் எழுதிவிட்டு வாருங்கள்.